குறைந்தது குற்றமா, புகாரா?

ஒரு சின்னக் கேள்வி. மனசாட்சியைத் தொட்டு பதில் சொல்லுங்கள். நாளைக்கு டவுன் பஸ்ஸில் உங்கள் பர்ஸை யாரோ அடித்துவிடுகிறார்கள். உள்ளே எழுநூறு ரூபாய், ஒரு ஏ.டி.எம். கார்டு, குலதெய்வம் படம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவீர்களா?

'எழுநூறு ரூபாய்க்கு அங்க போய் யார் சார் நிக்கறது? கார்டை பிளாக் பண்ணிட்டா முடிஞ்சது' என்று முணுமுணுக்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். சரி, நீங்கள் கொஞ்சம் துணிச்சல்காரர், போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஸ்டேஷன் ரைட்டர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். "திருட்டுன்னு எதுக்கு எழுதறீங்க? பர்ஸ் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்க. சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன். கார்டு வாங்க அது போதும்" என்பார். நீங்களும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவீர்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். நீங்கள் ஸ்டேஷனுக்குப் போகாவிட்டாலும் சரி, போய் 'தொலைந்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்தாலும் சரி... அரசாங்கத்தின் ஏட்டில் அன்றைக்கு அந்த பஸ்ஸில் திருட்டே நடக்கவில்லை! இப்படி ஆயிரம் பர்ஸுகள் சேர்ந்தால், வருஷக் கடைசியில் 'மாவட்டத்தில் திருட்டு குறைந்தது' என்று ஒரு வரி தயார்.

அந்த வரியை வைத்துக்கொண்டுதான் சட்டமன்றத்தில் வருஷா வருஷம் சண்டை நடக்கிறது. 'எங்கள் ஆட்சியில் குற்றம் குறைந்துவிட்டது' என்று ஆளுங்கட்சி புள்ளிவிவரம் படிக்கும். 'வெளியில் வந்து பாருங்கள்' என்று எதிர்க்கட்சி எழுந்து நிற்கும். நாற்காலி மாறினால் வசனமும் அப்படியே இடம் மாறும். இந்தச் சண்டைக்கு வயது 170 வருஷத்துக்கு மேல். அதன் கதையைச் சொல்ல கடலூர், சிதம்பரம் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஏன் என்று போகப் போகத் தெரியும். வாருங்கள்...

1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேர்த்தி? அதற்கு ஒரு விநோதமான அளவுகோல் வைத்தார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவது... குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம்! அப்படி வந்து சேர்ந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமம்' என்றே பெயர் நிலைத்தது. புனித டேவிட் கோட்டை என்று பெயர் மாற்றப்பட்ட அந்த இடம், சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவைத்திருந்த காலத்தில் சோழமண்டலக் கடற்கரைக்கே கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது.

ஊர்களைப் பிடிக்க பீரங்கி போதும். ஊருக்குள் ஆடு மாடு திருடு போனால்? அதற்கு நம் ஊர்களில் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருந்தது. காவல்காரர், தலையாரி. அறுவடையில் அவர்களுக்கு ஒரு பங்கு. பதிலுக்கு ஒரு பொறுப்பு... ஊரில் திருடு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தரவேண்டும், இல்லையென்றால் ஈடுகட்டவேண்டும். ரொம்ப நல்ல ஏற்பாடு மாதிரிதான் தெரியும். ஆனால் காவலுக்கு இருந்தவர்களே களவுக்கும் ஆள் வைத்திருந்த கதைகள் உண்டு. காணாமல் போன மாடு எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு 'துப்புக்கூலி' என்று தனிக்கட்டணமே சில பகுதிகளில் புழக்கத்தில் இருந்தது.

கம்பெனிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. முதலில் வங்காள பாணியில் தரோகா என்ற போலீஸ் அதிகாரிகளைப் போட்டுப் பார்த்தது. சரிப்படவில்லை. 1816-இல் தாமஸ் மன்றோவின் யோசனைப்படி போலீஸ் அதிகாரம் கலெக்டருக்கும், அவருக்குக் கீழே தாசில்தாருக்கும், கிராம மணியக்காரருக்கும் போய்ச் சேர்ந்தது. செலவு மிச்சம். ஆனால், ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வரி வசூலிக்கிறவரும் அவரே, திருடனைப் பிடிக்கிறவரும் அவரே. வரி கட்டாதவனும் திருடனும் ஒரே ஆளின் கையில் மாட்டினால் என்ன ஆகும்?

'கிட்டி' ஆகும்.

கிட்டி என்பது இரண்டு மரக்கட்டைகள். எலுமிச்சம்பழம் பிழிகிற கருவி மாதிரி. நடுவில் விரலை வைத்து இறுக்குவார்கள். இன்னொன்று 'அண்ணாந்தாள்'. ஆளைக் குனியவைத்து, கழுத்தையும் காலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, முதுகில் கல்லை ஏற்றி வெயிலில் நிற்கவைப்பது. 'கிஸ்தி பாக்கி எங்கே?' என்று கேட்கவும் இதுதான், 'நகை எங்கே?' என்று கேட்கவும் இதுதான்.

லண்டனில் இது எப்படித் தெரிந்தது? டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் மெட்ராஸ் மாகாணத்துக்கு நேரில் வந்தார். அவரை ஊர் ஊராக அழைத்துப் போய் விவசாயிகளிடம் பேசவைத்தவர் கஜுலு லட்சுமிநரசு செட்டி. சென்னையின் முதல் அரசியல் அமைப்பான 'மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷ'னைத் தொடங்கியவர். திரும்பிப் போன சீமோர், 1854-இல் நாடாளுமன்றத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். இந்தியாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரிய மனிதர்கள் கொதித்து எழுந்தார்கள். 'சித்ரவதையா? எங்கள் காதுக்கு ஒரு புகார்கூட வந்ததில்லையே!' என்றார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. புகார் வரவில்லைதான். யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? அடித்த தாசில்தாரிடமா? கலெக்டர் கச்சேரிக்குப் போகிற வழியிலும் தாசில்தாரின் ஆள்தானே நிற்கிறான்! 'புகார் இல்லை, ஆகவே குற்றம் இல்லை' என்ற தர்க்கம் இந்த மண்ணில் முதல்முறையாக வசமாகச் சிக்கியது அப்போதுதான்.

எல்லியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூன்று பேர் கொண்ட விசாரணைக் கமிஷன் சென்னையில் உட்கார்ந்தது. 'பயப்படாமல் சொல்லலாம்' என்று அறிவிப்பு போனது. அவ்வளவுதான்... மடை திறந்தது. நேரில் வந்தும் கடிதம் எழுதியும் ஏறத்தாழ 2000 பேர் புகார் கொடுத்தார்கள். கைக்காசு செலவழித்து, நாள்கணக்கில் நடந்து வந்த குடியானவர்கள் அவர்களில் உண்டு. 1855-இல் வெளியான அறிக்கை, சித்ரவதை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. நியாயம் கேட்டுப் போக இந்த ஜனங்களுக்கு வழியே இல்லாமல் இருந்தது என்பதையும் அது பதிவு செய்தது. கார்ல் மார்க்ஸ்கூட 1857-இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையைப் பற்றி எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். 1853-இல் கேட்டிருந்தால் 'புகார் ஏதுமில்லை'. 1855-இல் ஏறத்தாழ 2000. இரண்டே வருஷத்தில் கொடுமை திடீரென்று பெருகிவிட்டதா? இல்லை. கேட்பதற்கு ஒரு காது வந்தது. அவ்வளவே.

அறிக்கையின் பலன், வரி வேலையும் போலீஸ் வேலையும் பிரிக்கப்பட்டன. 1859-இல் மெட்ராஸ் போலீஸ் சட்டம் வந்தது. தனி இலாகா, தனிச் சீருடை. வில்லியம் ராபின்சன் முதல் ஐ.ஜி. ஆனார். கிட்டியின் நினைவு சட்டப் புத்தகத்திலும் இன்னொரு வடிவத்தில் ஏறியது. போலீஸ்காரரிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1861-லேயே விதி வந்தது. 1872-இன் சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆவது பிரிவு. 2024 ஜூலையில் புதிய சாட்சியச் சட்டம் அமலானபோது 23-ஆவது பிரிவாகத் தொடர்ந்தது. தன் போலீஸை தானே நம்பாத அரசாங்கம் என்று கேலி பேசுவார்கள். ஆனால் அந்த அவநம்பிக்கைக்குப் பின்னால் ஏறத்தாழ 2000 புகார்கள் இருந்தன.

கூடவே ஒரு சந்தும் விடப்பட்டது. பழைய சட்டத்தின் 27-ஆவது பிரிவு. வாக்குமூலம் செல்லாது. ஆனால் அதன் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்குக் காரணமான பகுதி மட்டும் செல்லும். 'நகையை அரச மரத்தடியில் புதைத்தேன்' என்று ஒருவன் சொல்லி, நகையும் கிடைத்தால் கேஸ் நிற்கும். அதனால்தான் எந்த ஸ்டேஷனிலும் 'ரெக்கவரி' என்ற வார்த்தைக்கு அவ்வளவு மவுசு. நகை வரவேண்டும். நகை வர ஆள் பேசவேண்டும். ஆள் பேச...

மிச்சத்தை 1902-இல் அமைக்கப்பட்ட ஃப்ரேசர் கமிஷன் சொன்னது. ஆண்ட்ரூ ஃப்ரேசர் தலைமையில் இந்தியா முழுக்க விசாரித்த அந்த போலீஸ் கமிஷன், 'லஞ்சமும் அடக்குமுறையும்தான் போலீஸ் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள், அவர்களின் நம்பிக்கையைப் பெறுவதில் போலீஸ் அடியோடு தோற்றுவிட்டது' என்கிற அர்த்தத்தில் தீர்ப்பெழுதியது. சொன்னது வெள்ளைக்கார அரசாங்கமே அமைத்த கமிஷன்!

நம்பிக்கையைச் சம்பாதிப்பது நீண்ட வேலை. அதைவிடச் சுலபமான வழி ஒன்றை அரசாங்கம் கண்டுபிடித்திருந்தது. சில சாதிகளையே 'குற்றப் பரம்பரை' என்று முத்திரை குத்துவது. 1871-இல் வடக்கே தொடங்கிய சட்டம், 1911-இல் மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. ரேகை பதிவு, ஸ்டேஷனில் ஆஜர், ஊரைவிட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் அஜீஸ் நகர் என்ற இடத்தில் குடியேற்றம் அமைத்து, குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். ராத்திரியில் நடமாட முடியாதவன் திருடப்போவது எப்படி? ஏட்டில் குற்றம் குறையத்தானே செய்யும்! 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது. சட்டம்தான் ஒழிந்தது. ஊரில் நகை காணாமல் போனால் ஜீப் முதலில் எந்தத் தெருவுக்குப் போகும் என்கிற பழக்கம் ஒழியவில்லை.

1992. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர். திருட்டு சந்தேகத்தில் அழைத்துப் போகப்பட்ட ஒருவர் போலீஸ் காவலில் இறந்துபோனார். அவருடைய மனைவி அதே ஸ்டேஷனில் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். தமிழ்நாடே அதிர்ந்தது. அந்தப் பெண் வாய் மூடி இருந்துவிடவில்லை. வழக்கு நடந்து, போலீஸ்காரர்கள் தண்டனை பெற்றார்கள்.

அடுத்த வருஷமே, விருத்தாசலம் பக்கத்தில் முதனை கிராமம். குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு. 1993 மார்ச்சில் ஒரு நகைத் திருட்டுக்காக கம்மாபுரம் போலீஸ் அவரைத் தேடியது. ஆள் கிடைக்கும்முன் மனைவி பார்வதியையும் குடும்பத்தாரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அடி, உதை. ராஜாக்கண்ணு பிடிபட்டார். ரெக்கவரி வேண்டுமே! கணவரைக் கட்டிவைத்து அடித்ததைப் பார்வதி கண்ணால் பார்த்தார். பிறகு அவருக்குச் சொல்லப்பட்ட செய்தி: 'உன் புருஷன் தப்பிச்சு ஓடிட்டான்.'

பார்வதி எந்தக் கதவைத் தட்டுவார்? அதிகாரிகளிடம் அலைந்தார். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் துணைக்கு வந்தார்கள். கடைசியில் சென்னையில் வக்கீல் சந்துருவிடம் வந்து சேர்ந்தார். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. விசாரிக்க விசாரிக்க உண்மை வெளியே வந்தது. மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம், மீன்சுருட்டி போலீஸ் எல்லையில், அடையாளம் தெரியாத ஒரு பிணம் கிடைத்திருந்தது. அது ராஜாக்கண்ணு.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். கம்மாபுரத்துக் கணக்கில் அவர் 'தப்பி ஓடியவர்'. மீன்சுருட்டிக் கணக்கில் 'அடையாளம் தெரியாத பிணம்'. இரண்டு ஸ்டேஷன், இரண்டு கணக்கு, ஒரே மனிதர். எந்த ஏட்டிலும் 'போலீஸ் அடித்துக் கொன்றார்கள்' என்று இல்லை. பார்வதி ஓய்ந்து வீட்டுக்குப் போயிருந்தால், அந்த வருஷத்துப் புள்ளிவிவரத்தில் ஒரு கொலை குறைந்தே போயிருக்கும்! 13 வருஷம் கழித்து, 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் காவல் மரணம் என்று தீர்மானித்து, போலீஸ்காரர்கள் ஐந்து பேருக்கும் ஆயுள் தண்டனை என்றது. அதே வருஷம் நீதிபதியானார் சந்துரு. 2021-இல் வந்த 'ஜெய் பீம்' படத்தின் மூலக்கதை இதுதான். படத்தில் இருளர் என்று மாற்றியிருப்பார்கள்.

'அப்படியானால் குற்றம் குறைகிறது என்பதெல்லாம் சுத்தப் பொய்யா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அங்கேதான் நிதானம் வேண்டும்.

கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். பர்ஸ் மாதிரி அல்ல, பிணத்தை மறைப்பது கஷ்டம். அதனால் உலகம் பூராவும் ஆய்வாளர்கள் கொலைக் கணக்கைத்தான் ஓரளவு நம்புவார்கள். இந்தியாவில் 1992-இல் பதிவான கொலைகள் 40 ஆயிரத்துக்கும் மேல். 2022-இல் 28,522. ஜனத்தொகை இத்தனை கோடி ஏறியும் இந்தச் சரிவு! இதைக் கண்கட்டு வித்தை என்று தள்ளிவிட முடியாது.

மற்ற குற்றங்களின் கதையே வேறு. 2020-ஐப் பாருங்கள். அந்த வருஷம் இந்தியாவில் குற்ற வழக்குகள் 51 லட்சத்து சொச்சத்திலிருந்து 66 லட்சமாகத் தாவின. 28 சதவிகிதம் அதிகம்! நாடே கொள்ளைக்காரக் காடாகிவிட்டதா? நாம்தான் எல்லோரும் வீட்டுக்குள் கபசுரக் குடிநீர் குடித்துக்கொண்டிருந்தோமே! ஊரடங்கை மீறியவர்கள் மேல் போட்ட வழக்குகள்தான் கணக்கை ஏற்றியவை. அரசு உத்தரவை மீறியதாகப் பதிவான வழக்குகள் 2019-இல் சுமார் 29 ஆயிரம், 2020-இல் 6 லட்சத்து 12 ஆயிரம். திருட்டு உண்மையில் குறைந்திருந்தது. ஆக, குற்றம் குறைந்தும் கணக்கு ஏறலாம்.

குற்றம் குறையாமலேயே கணக்கு இறங்குவதற்கு, போலீஸ் பாஷையில் 'பர்க்கிங்' என்று பெயர். இது வண்டி நிறுத்துகிற பார்க்கிங் இல்லை. வில்லியம் பர்க் என்ற ஆசாமி, 1828-இல் எடின்பரோ நகரில் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சிக்குப் பிணம் விற்பதற்காக ஆட்களை மூச்சை அடக்கிக் கொன்றவன். காயம் தெரியாது, சத்தம் வராது. புகாரை அதேபோல அமுக்குவதற்கு அவன் பெயரையே வைத்துவிட்டார்கள்!

இதைச் செய்கிறவர்கள் எல்லோரும் கெட்டவர்களா? அதுவும் இல்லை. மாதாமாதம் எஸ்.பி. ஆபீஸில் கிரைம் மீட்டிங். 'உன் ஸ்டேஷன்ல மட்டும் ஏன்யா செயின் பறிப்பு ஏறுது?' என்று எல்லோர் எதிரிலும் வாங்கிக் கட்டிக்கொள்ள எந்த இன்ஸ்பெக்டருக்கு ஆசை? எஃப்.ஐ.ஆர். போட்டால் பிடிக்கவேண்டும், பிடிக்காவிட்டால் மெமோ. பதிவே செய்யாவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. தரம்வீரா தலைமையில் 1977-இல் அமைந்த தேசிய போலீஸ் கமிஷன் இந்த நோயை அன்றைக்கே அடையாளம் காட்டியது. 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆகவேண்டும் என்றது. பதிவாகிற அளவுக்குப் பதிவாகாமலும் போகிறது என்கிற மதிப்பீட்டையும் அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது.

நாம் மட்டுமா? 'குற்றம் இல்லாமல் இருப்பதே போலீஸின் திறமைக்கு அத்தாட்சி' என்ற தத்துவத்தை உலகுக்குச் சொன்ன இங்கிலாந்திலேயே, 2014-இல் போலீஸின் குற்றப் பதிவுகளுக்கு இருந்த 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற முத்திரையைப் பறித்தார்கள். அதே வருஷம் நடந்த ஆய்வில், போலீஸிடம் சொல்லப்பட்ட குற்றங்களில் ஐந்தில் ஒன்று பதிவே ஆகவில்லை என்று தெரிந்தது. ஆனால் அவர்களிடம் இன்னொரு தராசு இருந்தது. 1982 முதல் வீடு வீடாகப் போய் 'போன வருஷம் உங்களுக்கு என்ன நடந்தது? போலீஸில் சொன்னீர்களா?' என்று கேட்கும் சர்வே. போலீஸ் கணக்கையும் ஜனங்களின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் குற்றவியல் அறிஞர் கே.சொக்கலிங்கம் 2001-இல் சென்னை, கோவை, மதுரை, திருச்சி நகரங்களில் அப்படியொரு ஆய்வு நடத்திக் காட்டினார். செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை.

இன்னொரு உதாரணம். அண்ணாமலை நகர் கொடுமை நடந்த அதே 1992-இல்தான் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. இந்த மாதிரி ஸ்டேஷன்கள் வந்தால் பெண்களுக்கு எதிரான குற்ற வழக்குகள் ஏட்டில் கூடும். வீட்டுக்குள் வாங்கிய அடியை வெளியே சொல்ல ஓர் இடம் கிடைக்கிறதே! 'குற்றம் கூடிவிட்டது' என்று அதிகாரியைத் திட்டினால், அடுத்த மாதமே அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

எனவே, அடுத்த முறை 'குற்றம் 12 சதவிகிதம் குறைந்தது' என்று யாராவது மேடையில் முழங்கினால், கைதட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். கொலைக் கணக்கும் கூடவே குறைந்திருக்கிறதா? புகார் கொடுக்கப் போனவர்களில் எத்தனை பேருக்கு எஃப்.ஐ.ஆர். கிடைத்தது? போகாதவர்கள் ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டார்களா?

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. சட்டம் இப்போது நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். 'எங்க லிமிட் இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது. மின்னஞ்சல் மாதிரி வழிகளில் அனுப்பி, மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். திருட்டை 'திருட்டு' என்றே எழுதிக் கொடுங்கள். உங்கள் எழுநூறு ரூபாய் திரும்பாமல் போகலாம். ஆனால் கணக்கு சரியாகும். கணக்கு சரியானால்தான் எந்த பஸ்ஸில், எந்த ரூட்டில் பர்ஸ் போகிறது என்றாவது தெரியும்.

முதனையிலிருந்து சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து கதவைத் தட்ட பார்வதிக்கு முடிந்தது. அவரிடம் பணமில்லை, செல்வாக்கில்லை, அவர் சாதியின் மேல் வெள்ளைக்காரன் காலத்து முத்திரை வேறு. நமக்கு இருக்கிற வசதியில் பாதிகூட இல்லாமல், அவர் ஒரு பொய்க் கணக்கைத் திருத்தினார்.